கோப்பாய்ச் சுயாதீன சபையும் பாலேஸ்வரியின் பயணமும்

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தங்கள் சொந்தக் காலில் நிற்பதில்லை என்ற விஷயம் முப்பத்தாறாம் ஆண்டு தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலரை மணிக்குக் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர் மலாயாவில் ஸ்ரேசன் மாஸ்ரராக இருந்து பென்சனோடு திரும்பிய தம்பிஐயா அவர்கள். அப்போது அவர் சாய்மனைக் கதிரையில் படுத்திருந்தார் என்றும், உடனே எழும்ப முயன்று, மனைவி வந்து கை கொடுத்த பிறகு எழும்பினார் என்றும் சபையின் முதலாவது நிகழ்ச்சிக் குறிப்பில் இருக்கிறது. குறிப்பு எழுதியவர் அரசாங்கக் கச்சேரியில் தலைமை லிகிதராக இருந்து இளைப்பாறிய பஞ்சலிங்கம். அவர் ஒன்றையும் விடமாட்டார்.

இப்படிப் பிறந்ததுதான் கோப்பாய் வாலிபர் சுயாதீன விருத்திச் சபை. தம்பிஐயா பிரசிடென்ற், பஞ்சலிங்கம் காரியதரிசி. அங்கத்தவர் நாற்பத்தொரு பேர். ஐம்பத்தைந்து வயதுக்குக் குறைந்தவர் ஒருவரும் இல்லை, ஏனென்றால் வாலிபரைச் சேர்த்தால் அவர்கள் கூட்டத்தில் கதைக்கத் தொடங்கிவிடுவார்கள். நானும் ஓர் அங்கத்தவன். பள்ளிக்கூடத் தலைமை வாத்தியாராக இருந்து இளைப்பாறியவன். பின்னேரங்களில் வீட்டில் இருந்தால் வேலி அடைக்கச் சொல்வார்கள் என்று பயந்து சபைக்குப் போனவன். ஆகவே இந்தக் கதையில் வரும் வெட்கக்கேட்டில் எனக்கும் பங்குண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிரசிடென்ற் தமது ஆரம்பப் பிரசங்கத்தை எழுந்து நின்று செய்தார்.

"நான் பதினெட்டு வயசிலை தன்னந்தனியனாக் கப்பலேறினவன். என்ரை சித்தப்பாவும், பெரிய மச்சானும், ஒரு சமையல்காரனும் தவிர வேறை ஒருத்தரும் என்னோடை வரேல்லை. போய் இறங்கின மற்ற நாள் வேலை. மாமாதான் அங்கை பெரிய கிளாக்கர். அவர் என்ரை கையைப் பிடிச்சுக் கொண்டுபோய்க் கதிரையிலை இருத்தினார். அண்டு துவக்கம் முப்பத்திரண்டு வருசம் அந்தக் கதிரையிலை ஒருத்தற்றை உதவியும் இல்லாமல் இருந்தனான். இண்டைக்கு உந்தப் பொடி பெட்டையளைப் பாருங்கோ! எல்லாத்துக்கும் ஒராள் துணைக்கு வேணும்!"

பலத்த கரகோஷம். மேலே வாசிக்க மூக்குக்கண்ணாடியைக் காணவில்லை. மகன் மார்க்கண்டு ஓடிவந்து அதைத் தகப்பனின் நெற்றியிலிருந்து எடுத்து மூக்கில் மாட்டிவிட்டான்.

இந்த மார்க்கண்டு என்னிடம் படித்தவன். அவனுக்கு இருபது வயதானபோது ஈப்போவில் ஒரு வேலை சரிவந்து, பெட்டியும் கட்டியாயிற்று. தாய் மூன்று நாள் அழுதாள். நாலாம் நாள் பெட்டியை அவிழ்த்தார்கள். அதன்பிறகு பதினாலு வருஷம் அவனுக்குப் பொருத்தமான வேலை ஒன்றும் கிடைக்கவில்லை. சபை அவனைச் சுயாதீனப் பரிசோதகராக நியமித்தது. ஒரு சைக்கிள், ஒரு காக்கித் தொப்பி, ஒரு பதிவுப் புத்தகம். மத்தியானச் சோறு தாய் கட்டிக் கொடுப்பாள்.

சபை நிறைவேற்றிய தீர்மானங்களில் ஆறாவதுதான் பெரிய தீர்மானம். அங்கத்தவர் எவரும் இனிமேல் தனிப்பட்ட முறையில் ஒரு பிள்ளைக்கும் நற்சான்றுப் பத்திரம் எழுதிக் கொடுக்கக் கூடாது. சபையே பரீட்சித்து, சபையே எழுதி, தேங்காய்ச் சிரட்டை அளவான சபை முத்திரையைக் குத்திக் கொடுக்கும். ஊரில் நற்சான்று எழுதத் தகுதி உள்ளவர்கள் என்று சொல்லத்தக்க அத்தனை பேரும் அந்த மண்டபத்தில் இருந்தோம். ஊர் அதிகாரியான விதானையாரும் இருந்தார். எல்லோரும் கையொப்பம் வைத்தோம். அதற்குப் பிறகு தேநீர் தந்தார்கள்.

மறு வருஷம் வைகாசியில் இந்தத் தீர்மானம் தோட்டக்கார நமசிவாயத்தின் தலையில் விழுந்தது.

நமசிவாயம் புகையிலையும் மிளகாயும் போடுகிற, அதிர்ந்து பேசாத மனிதர். மனைவி சின்னத்தங்கம் அவருக்கும் சேர்த்துப் பேசுவாள். ஒரே மகள் பாலேஸ்வரிக்குப் பத்தொன்பது வயது. பன்னிரண்டு வயதில் தொடங்கித் தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறியவள். அவர்கள் குடியிருந்த குறுகிய ஒழுங்கையில் உள்ள அத்தனை வீட்டுக் கடிதங்களையும் வாசித்துக் காட்டுகிறவள். முந்திய வருஷம் நமசிவாயம் மண்வெட்டியால் காலைப் பிளந்துகொண்டபோது, தாய் தலையில் அடித்துக்கொண்டு நிற்க, இவள் புடைவையைக் கிழித்துக் கட்டி, தானே வண்டிலைப் பூட்டி, பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கே தாதியாக இருந்த லூர்த்தம்மா கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "இது ஆர் கட்டினது?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியிலிருந்துதான் எல்லாம் தொடங்கிற்று. லூர்த்தம்மா சொல்ல இவள் விண்ணப்பம் போட்டாள். கொழும்பில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. ஆனி ஏழாந் திகதி திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நேரில் வரவேண்டும். ஊர்ப் பிரமுகர் ஒருவரின் நற்சான்றுப் பத்திரம் கொண்டுவர வேண்டும். வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். கடிதம் வந்தபோது இருபத்துமூன்று நாள் இருந்தது.

நமசிவாயம் முதலில் என்னிடம்தான் வந்தார். "மாஸ்ரர், பிள்ளை உங்களிட்டைப் படிச்சவள். ரெண்டு வரி எழுதித் தாருங்கோ."

நான் எழுதிக் கொடுத்தேன் என்று இங்கே எழுத ஆசையாக இருக்கிறது. ஆறாந் தீர்மானத்தை அவருக்கு விளக்கிச் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு போனார். அன்று சோறு எனக்கு ருசிக்கவில்லை, ஆனாலும் சாப்பிட்டேன்.

மறுநாள் தகப்பனும் மகளும் காரியதரிசியின் வீட்டு விறாந்தையில் நின்றார்கள். விண்ணப்பத்தைப் பரீட்சார்த்தி பிறர் உதவியின்றித் தன் கைப்பட எழுத வேண்டும் என்பது விதி. ஆகவே பஞ்சலிங்கம் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள்: 'யாருடைய தூண்டுதலும் இன்றி என் சொந்த எண்ணத்தை என் சொந்த வார்த்தைகளில் எழுதிக்கொள்வது யாதெனில்.' அந்த இடத்தில் அவள் தானாக ஒரு வசனம் சேர்க்கப் பார்த்தாள்.

"பிள்ளை, உது உம்மடை விண்ணப்பம்," என்றார் பஞ்சலிங்கம். "கண்டபடி எழுதிக் கெடுக்காதையும்."

கீழே தகப்பன், தாய்மாமன், விதானையார் மூவரும் 'இவர் சுயமாகத் தீர்மானிக்க நாம் சம்மதிக்கிறோம்' என்று ஒப்பமிட வேண்டும். இட்டார்கள்.

வகுப்புகள் கிழமையில் மூன்று நாள். பெண் பிள்ளைகள் தனித்து இயங்குதல் என்ற பாடத்துக்குத் தனியே வருவது முறையல்ல என்றபடியால் தகப்பன்மார் கூட வர வேண்டும். நமசிவாயம் தோட்டத்தைப் போட்டுவிட்டு வந்து பின் வரிசை வாங்கில் இருந்தார். மூன்றாம் வகுப்பில் அவர் கையை உயர்த்தினார்.

"ஐயா, பிள்ளையளைத் தனிய விடவேணும் எண்டு சொல்லுறியள். அப்ப நான் வரவேணுமோ, வராமல் விடவேணுமோ?"

"தனிய விடுறது எப்பிடி எண்டு பழக நீர் வரத்தான் வேணும்," என்றார் பிரசிடென்ற். "பிள்ளையை விட்டு விலகி நிக்கிறது லேசான வேலை இல்லைக் காணும். பக்கத்திலை நிண்டு கவனமா விலகவேணும். என்னைப் பாரும். முப்பத்துநாலு வருசமா என்ரை மகனைச் சுயாதீனமா வளர்த்துக்கொண்டுதான் இருக்கிறன். இன்னும் முடியேல்லை."

மார்க்கண்டு இதைப் பதிவுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டான்.

ஒவ்வொரு பரீட்சார்த்தியும் தீர்மானக் கொப்பி ஒன்று வைத்திருக்க வேண்டும். நாளுக்கு ஒரு தீர்மானம் தானாக எடுத்து, அதைக் கொப்பியில் எழுதி, சபையின் அனுமதி கிடைத்த பிறகு நிறைவேற்ற வேண்டும். பாலேஸ்வரி எழுதினாள்: 'மழை வந்தது. முற்றத்தில் காயப்போட்ட மிளகாயை அள்ளி உள்ளே வைத்தேன்.' பஞ்சலிங்கம் சிவப்பு மையால் கீறினார்: 'முன் அனுமதி பெறப்படவில்லை.' இதை விசாரிக்க ஓர் உபசபை கூடியது. மிளகாய் நனைந்திருந்தாலும் ஒழுங்கு நனைந்திருக்காது என்று அதன் அறிக்கை முடிந்தது. அந்த உபசபையில் நானும் இருந்தேன். எங்களுக்கு வடை தந்தார்கள். அந்த மழையில் பிரசிடென்ற் வீட்டு மிளகாய் முழுவதும் அழுகிப்போனதை யாரும் குறிப்பிடவில்லை.

பிறகு செய்முறைப் பரீட்சை. தனியே உழைக்கும் திறமை என்று பெயர். நமசிவாயத்தின் தோட்டக் கிணற்றடியில் கதிரைகள் போடப்பட்டன. கிணற்று ஏற்றமான துலாவால் நாற்பது பாத்திக்குத் தண்ணீர் இறைக்க வேண்டும். தனியாக, பிறர் கை படாமல்.

எங்கள் குடாநாட்டில் பிறந்த குழந்தைக்கும் தெரியும், துலாவுக்கு மூன்று பேர் வேண்டும். மேலே துலா மரத்தில் ஒருவர் முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார். கீழே ஒருவர் தண்ணீர் அள்ளும் பட்டையைப் பிடித்துக் கவிழ்ப்பார். பாத்தியில் ஒருவர் தண்ணீர் மாறுவார். பிரசிடென்ற் முப்பது வருஷம் குழாய்த் தண்ணீர் குடித்தவர். மற்ற நாற்பது பேரும் தோட்டக்காரன் பிள்ளைகள்தாம். ஆனால் பிரசிடென்ற் சொன்னதை எதிர்ப்பது பண்பல்ல என்று இருந்தோம்.

"ஐயா, இதுக்கு மூண்டு பேர் வேணும்," என்றாள் பாலேஸ்வரி.

"உதுதான் பிள்ளை வருத்தம். எதுக்கெடுத்தாலும் இன்னொராள் வேணும் எண்டு நிக்கிறீர்."

அவள் சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு பட்டைக் கொடியைப் பிடித்தாள். "மார்க்கண்டு அண்ணை, தொப்பியைக் கழட்டி வைச்சிட்டு மேலை ஏறுங்கோ. காரியதரிசி ஐயா, நீங்கள் வாய்க்காலடியிலை நிண்டு நான் சொல்லுற நேரம் மண்ணைத் தட்டி விடுங்கோ."

அவள் குரலில் என்ன இருந்ததோ, பஞ்சலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார். ஒன்றரை மணித்தியாலத்தில் நாற்பது பாத்தியும் நனைந்தது. மார்க்கண்டு துலாவில் முன்னும் பின்னும் நடந்தபடி வாய்விட்டுச் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். புள்ளி வழங்கும்போது, தனியே செய்யாததற்குப் பூச்சியம், பெரியோரை ஏவியதற்குக் குறைவு ஐந்து என்று போட்டோம்.

கடைசிப் பரீட்சை தனிப் பயணம். அதில்தான் ஊரே மாட்டிக்கொண்டது.

பரீட்சார்த்தி வீட்டிலிருந்து தனியே புறப்பட்டுப் பட்டணம் போய்த் திரும்ப வேண்டும். ஒழுங்கை பெருந்தெருவில் ஏறும் சந்தியில், பஸ் நிற்கும் இடத்தில், பரிசோதகர் கதிரை போட்டு இருப்பார். பதினேழாம் விதிப்படி, போகிறவரை மறித்து, எங்கே போகிறீர், ஏன் போகிறீர், எப்போது திரும்புவீர் என்று கேட்டுப் பதிய வேண்டும்.

புறப்பட்டவனைப் பார்த்து எங்கே போகிறாய் என்று எங்கள் ஊரில் எதிரியும் கேட்கமாட்டான். மிஞ்சிப்போனால் "தூரமோ?" என்பார்கள். கேட்டுவிட்டால் பயணம் கெட்டது. திரும்பி வீட்டுக்குப் போய், கொஞ்சம் இருந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்து, மறுபடி புறப்பட வேண்டும். பஞ்சலிங்கம் விதியை இங்கிலீசில் எழுதினார். இங்கிலீசில் எழுதும்போது இந்த விஷயம் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

முதல் நாள் காலை ஆறு மணிக்குப் பாலேஸ்வரி சந்திக்கு வந்தாள். மார்க்கண்டு புத்தகத்தைத் திறந்து, தலையைக் குனிந்துகொண்டு, "எங்கை போறீர், பிள்ளை?" என்றான். வாசல் படலையில் நின்ற சின்னத்தங்கம் போட்ட கூச்சலில் காகங்கள் எழும்பின. மகளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போய், இருத்தி, தண்ணீர் கொடுத்து அனுப்பினாள். சந்தியில் மறுபடி மார்க்கண்டு. மறுபடி கேள்வி. விதியில் ஒருமுறை கேட்டால் போதும் என்று இல்லை. பத்து மணிக்குள் அவள் ஏழு தரம் தண்ணீர் குடித்தாள்.

அந்தக் கிழமை ஒன்பது பரீட்சார்த்திகள் புறப்பட்டார்கள். ஒருவரும் சந்தி தாண்டவில்லை. மார்க்கண்டு கடமையில் நேர்மையானவன்; பரீட்சார்த்தி யார், அல்லாதவர் யார் என்று முகத்தில் எழுதி இல்லையே என்று வந்தவரை எல்லாம் கேட்டான். சந்தைக்குப் போன வாழைக்குலை வண்டில்கள் திரும்பின. அளவெட்டிக்குப் பெண் பார்க்கப் போனவர்கள் திரும்பி, அதோடு அந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று விட்டார்கள். தெற்குப் பக்கம் ஒரு வீட்டில் பிள்ளைப்பேறு என்று ஓடின மருத்துவிச்சியையும் கேட்டான். அவள் வீட்டுக்குப் போய் இருந்து தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. சபையின் பரிபாலனத்தில் ஊரில் தானாகப் புறப்பட்டு வந்து சேர்ந்த ஒரே ஆள் அந்தக் குழந்தைதான்.

சபை அவசரமாகக் கூடியது. கேள்வியை நிறுத்தலாம் என்று ஒருவர் சொன்னார். பிரசிடென்ற் அவரை நிமிர்ந்து பார்க்க அவர் இருந்துவிட்டார். வாயால் கேட்பதுதானே குற்றம், எழுதிக் கேட்போம் என்று முடிவாயிற்று. மூன்று கேள்விகளையும் ஒரு பலகையில் எழுதினார்கள். மார்க்கண்டு காலையில் அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து சந்தி வேம்பில் தூக்குவான். மாலையில் கழற்றிக்கொண்டு போவான். பலகையை வாசித்தவர்கள் திரும்பினார்கள். வாசிக்கத் தெரியாதவர்கள் பஸ் ஏறிப் போனார்கள். படிப்பு சுயாதீனத்துக்குப் பெரிய இடைஞ்சல் என்று அந்த மாதம் சபை அறிக்கை வெளியிட்டது.

சின்னத்தங்கத்துக்கு வாசிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று மகளைக் கொண்டே வாசிப்பித்தாள். வாசித்தபடியால் மகள் திரும்ப வேண்டியதாயிற்று.

"அம்மா, பலகைதானே!"

"பலகை கேட்டாலும் கேட்டது கேட்டதுதான். இந்தா சொல்லிப் போட்டன், கொழும்புக்குப் போற அண்டைக்கு ஒருதரமெண்டாலும் உப்பிடிக் கேட்டாங்களோ, நான் உன்னை விடமாட்டன். பிறகு இருந்து தண்ணி குடிக்கிற கதை இல்லை. முழுசா விடமாட்டன்."

சின்னத்தங்கம் சொன்னால் சொன்னதுதான். இருபத்துமூன்று நாளில் நாலு நாள் மிச்சம் இருந்தது. பாலேஸ்வரி வீட்டுக்குள் ஓரிடத்தில் இருக்க மாட்டாமல் நடந்தாள். பெட்டியைக் கட்டினாள், அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள். கூட்டின முற்றத்தையே திரும்பக் கூட்டினாள். ஊர் முழுக்கவே அந்த நாட்களில் அப்படித்தான் இருந்தது. புறப்படுவதும் திரும்புவதுமாக யாருக்கும் காலும் ஓயவில்லை, காரியமும் ஆகவில்லை.

நமசிவாயம் பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னார்: "மாஸ்ரர், பிள்ளை போயிட்டுத் திரும்பித் திரும்பி வரேக்கை நான் சபையைத் திட்டினனான். ஆனா உள்ளுக்கை ஒரு சின்னச் சந்தோசம். வந்திட்டாள், இண்டைக்கும் வந்திட்டாள் எண்டு. அதை நினைக்கத்தான் எனக்கு வெக்கம்."

சனிக்கிழமை பின்னேரம் கடைசி விசாரணை. ஞாயிறு காலை ஆறரை பஸ்ஸைப் பிடித்தால்தான் பட்டணத்தில் ரயில். ரயிலைப் பிடித்தால்தான் திங்கள் ஒன்பது மணி. கொழும்பு ஸ்ரேசனில் லூர்த்தம்மாவின் தமக்கை சிசிலியா வந்து நிற்பாள். எல்லாம் ஒழுங்கு. பத்திரம் மட்டும் இல்லை.

"கொழும்பிலை ஒரு சந்தேகம் வந்தால் ஆரிட்டைக் கேப்பீர்?" என்றார் பிரசிடென்ற்.

"அங்கை தெரிஞ்சவையிட்டைக் கேப்பன் ஐயா. ஒருத்தரும் இல்லையெண்டால் நானே யோசிப்பன்."

"நானே!" என்றார் பிரசிடென்ற் எங்களைப் பார்த்து. "கேட்டியளோ? நாங்கள் இத்தினை பேர் இருக்கிறம். எழுதிக் கேக்கலாம், மாதத்திலை ஒருக்காக் கூடுறம், தீர்மானிச்சு மறுமொழி போடுவம். அதை விட்டிட்டு நானே எண்டுது பிள்ளை. உதுக்குப் பேர் சுயாதீனம் இல்லை. தலைக்கனம்."

ஆனாலும் சபைக்குக் கருணை உண்டு. இரண்டு மணித்தியாலம் விவாதித்து, நிபந்தனையோடு பத்திரம் வழங்கினோம். வாசகம் பஞ்சலிங்கத்துடையது: 'இதனைக் கொண்டுவரும் நமசிவாயம் பாலேஸ்வரி, கோப்பாய்க் கிராம எல்லைக்குள், தமது தந்தையாரின் நேரடிக் கண்காணிப்பில் இருக்கும் காலம் வரைக்கும், முற்றிலும் சுயாதீனமானவர் என இத்தால் உறுதிப்படுத்துகிறோம்.' கீழே முத்திரை, தாளில் பாதியை அடைத்தபடி.

பாலேஸ்வரி அதை வாசித்தாள். அவளுக்குக் கண் கலங்கிற்று, ஆனால் அழவில்லை. மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். நமசிவாயம் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். அந்தப் பார்வையை இன்னமும் என்னால் மறக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. என் வீடு பிரசிடென்ற் வீட்டுக்கு எதிர்வீடு. ஐந்தரை மணிக்கு முகம் கழுவ வெளியே வந்தேன். பிரசிடென்ற் வீட்டுப் படலையடியில் நமசிவாயம் நின்றார். வெளுத்த வேட்டி, தோளில் சால்வை. மகளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸடிக்குப் போகவேண்டிய மனிதர் இங்கே என்ன செய்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

மார்க்கண்டு பலகையைச் சைக்கிளில் கட்டி, சோற்றுப் பொட்டலத்தைக் கொழுவிக்கொண்டு படலையைத் திறந்தான்.

"தம்பி மார்க்கண்டு," என்றார் நமசிவாயம், ஊர் கேட்க. "எங்கை போறாய்?"

உள்ளே ஒரு பாத்திரம் விழுந்த சத்தம். தாய் ஓடிவந்தாள். மகனைப் பிடித்து உள்ளே கொண்டுபோனாள். ஐந்து நிமிஷம் கழித்து மார்க்கண்டு வாயைத் துடைத்தபடி வந்தான்.

"எங்கை போறாய், தம்பி?"

மறுபடி உள்ளே. மறுபடி தண்ணீர். மூன்றாம் முறை பிரசிடென்ற் விறாந்தைக்கு வந்துவிட்டார். "என்ன காணும் நமசிவாயம், உமக்கு விசரோ?"

"இல்லை ஐயா. போறவையை மறிச்சுக் கேக்கச் சொல்லித்தானே சபை படிப்பிச்சது." நமசிவாயத்தின் குரல் நடுங்கிற்று. ஆனால் மனிதர் அசையவில்லை.

நாலாம் முறை மார்க்கண்டு படலைக்கு வெளியே சைக்கிளைப் பிடித்தபடி நின்று, அவர் கேட்பதற்கு முன் மெல்லத் தான் கேட்டான்.

"அண்ணை, பஸ் எத்தினை மணிக்கு?"

"ஆறரை."

மார்க்கண்டு உள்ளே மணிக்கூட்டை எட்டிப் பார்த்தான். "அப்ப இன்னும் நாலு தரம் கேளுங்கோ," என்றான்.

நமசிவாயம் ஐந்து தரம் கேட்டார். ஆறரைக்குப் பஸ் பெருந்தெருவில் வந்து நின்ற சத்தமும், பிறகு புறப்பட்ட சத்தமும் எங்கள் இருவருக்கும் கேட்டன. அவர் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார். ஒரே மகள் முதன்முதல் ஊரை விட்டுப் போகிறாள். அவள் பஸ் ஏறுவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. அதைத் தெரிந்துகொண்டுதான் இங்கே வந்து நின்றிருக்கிறார். நான் தெருவைக் கடந்து போய் அவருக்குப் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். முகம் கழுவின செம்போடு எங்கள் முற்றத்திலேயே நின்றேன்.

அவர் வீட்டுக்குத் திரும்பியபோது சின்னத்தங்கம் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். "போயிட்டாள்," என்றாளாம்.

"என்னைத் தேடினவளோ?"

"தேடினவள். அப்பு வாறாரோ எண்டு ரெண்டு தரம் கேட்டவள். பஸ் வந்திட்டுது, ஏறிட்டாள்."

எட்டு நாள் கழித்துச் சபை நமசிவாயத்தைக் கூப்பிட்டது. அதற்கிடையில் மகளிடமிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. வந்து சேர்ந்தேன், பெரிய தாதி வெள்ளைக்காரி, அவவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, முத்திரையின் பருமனைப் பார்த்து எழும்பி நின்று பத்திரத்தை வாங்கினா என்று எழுதியிருந்தாள். அதை வைத்து, சபையின் முதலாவது சித்தி பெற்ற பரீட்சார்த்தி என்று அவளை வருஷாந்த அறிக்கையில் சேர்த்துக்கொண்டோம். அந்த வேலை முடிந்த பிறகுதான், பரிசோதகரின் கடமைக்கு இடையூறு செய்ததாகத் தகப்பன்மீது விசாரணை.

"ஆர் உமக்கு உந்தப் புத்தி சொல்லித் தந்தது?" என்றார் பஞ்சலிங்கம், பேனையைத் தொட்டுக்கொண்டு.

"ஒருத்தரும் இல்லை ஐயா. நான்தான்."

"ஒருத்தரையும் கேளாமலோ?"

"ஓம்."

பஞ்சலிங்கம் அதை எழுதவில்லை. அவர் ஒன்றை விட்டது அன்றுதான்.

பிரசிடென்ற் எழுந்தார். கோபத்தில் தாமாகவே எழுந்துவிட்டார். "சரி, விடுவம். ஒண்டு சொல்லும். இந்த நேரம் உம்மடை மகள் என்ன செய்யிறாள்?"

"தெரியாது ஐயா."

"ஆரோடை நிக்கிறாள்? என்ன சாப்பிட்டாள்?"

"தெரியாது."

"பெத்த பிள்ளை எங்கை நிக்குது, என்ன செய்யுது எண்டு தெரியாமல் ஒரு தேப்பன் இருக்கலாமோ? ஆ? சொல்லும் காணும்! இருக்கலாமோ?"

நமசிவாயம் தலையைக் குனிந்தார். அவர் உண்மையாகவே யோசித்தார். அந்த மண்டபத்தில் கேட்கப்பட்ட ஒரு கேள்விக்கு ஒருவர் யோசித்துப் பதில் சொன்னதை நான் வேறொருநாளும் பார்த்ததில்லை.

"இருக்கேலாது எண்டுதான் ஐயா நானும் நினைச்சனான். எட்டு நாளா இருக்கிறன். சோறு இறங்குதில்லை. விடிஞ்சா அவளின்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டிட்டுத்தான் இல்லையெண்டு நினைவு வருது. கிணத்தடிக்குப் போக மனமில்லை." அவர் நிமிர்ந்தார். "ஆனா இருக்கலாம், ஐயா. இருக்கலாம்."

நாற்பத்தொரு பேர் இருந்தோம். எவரும் கைதட்டவில்லை, எவரும் ஆட்சேபிக்கவில்லை. பிரசிடென்ற் தமது மகன் பக்கம் திரும்பி, இதைப் பதிந்துகொள் என்றார். மார்க்கண்டு பதியவில்லை. பதிவுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, முப்பத்துநாலு வயதில், எல்லோரும் பார்க்க, தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தான்.